சிவப்பு வந்தது, மஞ்சள் வரவில்லை

ஆய்வுகூடத்தில் புதிதாகப் பணியேற்றிருக்கும் உங்களுக்கு,

முதல் நாளில் உங்கள் கையில் தரப்பட்ட விதிக்கோவையின் நான்காம் பக்கத்தில் திருத்தங்கள் பற்றி ஒரு பந்தி இருக்கிறது. வெளியிட்ட பெறுபேறு ஒன்றில் பிழை கண்டால் அதை அழிக்கக் கூடாது. வெள்ளை மை பூசக் கூடாது. பிழையின் மீது, கீழே உள்ள எழுத்துத் தெரியும்படி, ஒரே ஒரு கோடு இழுக்க வேண்டும். அருகில் சரியானது, திருத்தியவரின் சுருக்கொப்பம், திகதி, காரணம் ஆகியவை இருக்க வேண்டும். அந்தப் பந்தியை எழுதியவன் நான். இளைப்பாறும் வரை அதை மீறிய எவரையும் நான் எளிதில் விட்டதில்லை.

ஆண் மலட்டுத்தன்மையில் ‘அடைப்பு’ என்ற முடிவுக்கு எப்படி வருவது என்று எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். செய்முறை உங்களிடம் இருக்கிறது. என்னைவிடத் திருத்தமாகவே செய்கிறீர்கள். ஆகவே நான் பிழைவிட்ட ஒரு சந்தர்ப்பத்தை மட்டும் எழுதுகிறேன். அதில் இன்னொருவர் வருகிறார். எங்கள் ஆய்வுகூடத்தில் தொழில்நுட்பவியலாளராக இருந்தவர், என் மனைவி. சென்ற ஆனியில் காலமானார். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதுவதற்கில்லை.

அவர்மீது எனக்குப் பொறாமை இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் கீழே வருவதை நீங்கள் ஒரு தொழில்நுட்பத் தவறு என்று விளங்கிக்கொள்ளக் கூடும்.

எனக்கு வெளிநாட்டில் பெற்ற கலாநிதிப் பட்டம் இருந்தது. அவருக்கு இருந்தது டிப்ளோமா. ஆய்வுகூடத்தை வெறும் இரண்டு மேசைகளிலிருந்து கட்டியெழுப்பியவன் நான். ஆனால் வைத்தியசாலையின் நோயாளர் விடுதிகளிலிருந்து தொலைபேசி வந்தால் நான் எடுத்ததும் ஒரு சிறு தயக்கம் கேட்கும். பிறகு, “டொக்டர், மிஸ் நிக்கிறாவோ?” என்பார்கள். ‘மிஸ்’ அவர்தான். அழைப்பை மாற்றிக் கொடுத்துவிட்டு நான் என் அறைக்குப் போவேன். கதவு திறந்தே இருக்கும்.

அந்தக் காலத்துச் சிறு சம்பவம் ஒன்று. குருநகரிலிருந்து ஒரு கடற்றொழிலாளி விந்து மாதிரியைக் கொண்டுவந்தார். உடற்சூட்டில், மடியில் வைத்துக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தோம். அவர் கொண்டுவந்தது மீன் பெட்டியில், நொறுக்கிய ஐசுக்குள் கழுத்துவரை புதைத்து. நான் அவரைக் கடிந்துகொண்டேன்.

“ஐயா, மீனே பழுதாப் போகுது. இது பழுதாப் போகாதோ?” என்றார் அவர், என் அறியாமையை நினைத்து வருந்துபவர்போல.

ஆய்வுகூடம் முழுவதும் சிரித்தது. என் மனைவியும் சிரித்தார். பிறகு போத்தலைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “அண்ணை சொல்லுறதிலை பாதி சரி, டொக்டர். அணுக்கள் ஓடுதோ எண்டு இதிலை பாக்கேலாது. ஆனா இரசாயனத்துக்கு ஐஸ் நல்லது. எறியாதேங்கோ.” அவர் சொன்னது சரி. குளிரில் நொதியங்கள் கெடாமல் இருக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும், கோபப்பட்டுக் கொண்டிருந்தபடியால், எனக்குத் தோன்றவில்லை. அந்த மனிதர் போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அவரிடம், “அப்ப வாறன், மிஸ்” என்றார். அடுத்த வாரம் ஒரு பை நிறைய இறாலுடன் வந்தார். அதுவும் என்னிடம் தரப்படவில்லை.

சிரிப்பதற்குரிய விடயம்தான். நான் அதை இன்றுவரை நினைவில் வைத்திருக்கிறேன் என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

இனி, சொல்ல வந்தது. ஒருவரின் விந்தில் விந்தணுவே இல்லை என்றால் காரணம் இரண்டில் ஒன்று. உற்பத்தி இல்லை, அல்லது உற்பத்தி இருந்தும் வழி அடைபட்டிருக்கிறது. முதலாவதாக இருந்தால் நாம் சொல்லக்கூடிய ஆறுதல் மிகக் குறைவு. இரண்டாவதாக இருந்தால் அடைப்புக்குப் பின்னால் விந்தணுக்கள் காத்திருக்கின்றன. ஊசியால் எடுத்தேனும் ஒரு பிள்ளைக்கு வழி செய்யலாம். இந்த இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை விந்தில் கரைந்திருக்கும் பொருள்கள் சொல்லும். ஆனால் ஒவ்வொரு பொருளும் தான் சுரந்த இடத்தைப் பற்றி மட்டுமே சாட்சி சொல்லும். பிரக்ரோஸ் என்ற சீனி, பாதையின் கடைசியில் இருக்கும் விந்துப் பையிலிருந்து வருவது. இருந்தால் சோதனைக் குழாயில் சிவப்பு நிறம் தோன்றும். அல்பா குளுக்கோசிடேஸ் என்ற நொதியம், விதையின் மேல் சுருண்டு கிடக்கும் நுண்குழாயிலிருந்து, அதாவது பாதையின் தொடக்கத்திலிருந்து, வருவது. இருந்தால் மஞ்சள் தோன்றும். மஞ்சளுக்கான சோதனையை எங்கள் ஆய்வுகூடத்தில் நிறுவ முயன்று கொண்டிருந்தவர் என் மனைவி. ஒப்பீட்டுக்காக, ஏற்கெனவே குடும்பக் கட்டுப்பாட்டுச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஆண்களிடம் தாமே பேசி மாதிரி பெற்றிருந்தார். நான் கேட்டிருந்தால் ஒருவர்கூடத் தந்திருக்க மாட்டார்.

அந்தத் தம்பதியர் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார்கள். கணவர் உரும்பிராயில் தோட்டம் செய்பவர். மனைவி புத்தூரைச் சேர்ந்தவர். மணமாகி ஏழு ஆண்டுகள். கணவரின் விந்தில் விந்தணு இல்லை என்பது முன்னரே தெரிந்திருந்தது. சத்திரசிகிச்சை நிபுணர் அனுப்பிய படிவத்தில் ஒரே ஒரு கேள்விதான்: அடைப்பு உண்டா, இல்லையா?

விபரங்களை நானே கேட்டு எழுதினேன்.

“கூகைக்கட்டு வந்ததோ?”

“ஓம் ஐயா, பள்ளிக்கூடத்திலை படிக்கேக்கை.”

“சத்திரசிகிச்சை ஏதும்?”

“ஒண்டுமில்லை ஐயா.”

பிறகு அவர் மாதிரியைக் கொடுக்க என் மனைவி இருந்த யன்னலடிக்குப் போனார். இடையில் ஒரு பலகைத் தடுப்பு மட்டும். நான் கேட்டுக்கொண்டிருந்தேன், அது என் வழக்கமாகியிருந்தது.

“எங்கை தோட்டம், தம்பி?”

“உரும்பிராய், மிஸ்.”

“இப்ப என்ன நிக்குது?”

“வெங்காயம். மழை ஒருக்கா அடிச்சுக் கொஞ்சம் அழுகிப்போச்சு.”

“இறைக்கிற மெசினை நீங்கள்தான் தூக்கிக் கொண்டு திரியிறனியளோ?”

“அம்மா கண்டா விடமாட்டா, மிஸ். சின்னனிலை வெட்டினது, பாரம் தூக்காதை எண்டு இப்பவும் கத்துவா.”

“எங்கை வெட்டினது?”

“நாலு வயசிலை. இடம்பெயர்ந்து தென்மராட்சியிலை இருக்கேக்கை. குடலிறக்கம் எண்டு ரெண்டு பக்கமும் வெட்டினவை. எனக்கு ஞாபகமில்லை, தழும்புதான் கிடக்கு.”

ஐந்து நிமிடத்துக்கு முன் என்னிடம் ஒன்றுமில்லை என்றவர் அவர். எனக்குப் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. நான் கேட்டது சத்திரசிகிச்சையை. என் மனைவி கேட்டது தோட்டத்தை. ஆனால் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது இந்த நியாயமல்ல. இதையும் அவவிடம்தான் சொல்லவேண்டுமா என்பதுதான்.

அந்த மனிதர் இன்னும் போகவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

“மிஸ், எனக்கு இல்லையெண்டு வந்தா அவளைப் புத்தூரிலை கொண்டுபோய் விடப்போறன். அவளுக்கு முப்பதுதான். வேறை ஒரு வாழ்க்கை இருக்குத்தானே. வீட்டிலை எல்லாரும் அவளைத்தான் சொல்லுகினம். அவள் விரதம் பிடிச்சுப் பிடிச்சு எலும்பாப் போனாள்.”

“அவவைக் கேட்டனீங்களோ?”

“இல்லை.”

“எங்களைக் கேக்க முதல் அவவைக் கேளுங்கோ, தம்பி. உந்தப் போத்தலுக்குள்ளை அந்தப் பதில் இல்லை.”

ஆகவே அந்தப் பெறுபேற்றில் என்ன தங்கியிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்வதற்கில்லை.

பிரக்ரோஸ் சோதனையை நானே செய்தேன். நல்ல சிவப்பு. இரத்தத்தில் பார்த்த சுரப்புகளில், உற்பத்தி குறைந்தால் உயரும் ஒன்று, மேல் எல்லையைத் தொட்டு நின்றது. கன்னம் வீங்கும் கூகைக்கட்டு விதைகளையும் கெடுக்கக் கூடியது, அந்த வரலாறும் இருந்தது. எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றன, நானும் சாய்ந்தேன். “பிரக்ரோஸ் உண்டு. அடைப்புக்கான சான்று இல்லை” என்று எழுதி ஒப்பமிட்டேன்.

என் மனைவி அதை வாசித்தார்.

“டொக்டர், சிவப்பு வந்தது விந்துப் பையின்ரை கதை மட்டும்தானே. அதுக்கு மேலை வழி அடைபட்டாலும் சிவப்பு வரும்.”

“கூகைக்கட்டு இருந்திருக்கு.”

“அது சின்ன வயசிலை. பெரியாளான பிறகு வந்தாத்தான் விதையைத் தாக்கும். ரெண்டு பக்கமும் வெட்டியிருக்கு. குழந்தைப்பிள்ளையிலை அதிலை போற விந்துக் குழாய் நூல்மாதிரி இருக்கும். வெட்டுப்பட்டிருக்கலாம். என்னட்டைச் சொன்னவர்.”

“என்னட்டை இல்லையெண்டவர்.”

“மிச்சத்தை உறையவைச்சிருக்கிறன். மஞ்சளை ஒருக்காப் பாப்பம்.”

அதற்கு நான் சொன்ன பதில் விதிப்படி முற்றிலும் சரியானது. அத்தாட்சிப்படுத்தி முடிக்காத சோதனை ஒன்றின் அடிப்படையில் நோயாளிக்குப் பெறுபேறு வழங்க முடியாது. போதிய ஒப்பீட்டு மாதிரிகள் இல்லை. வாய்ச்சொல் சான்றல்ல. இவற்றில் ஒரு வசனத்தையேனும் எந்த மேற்பார்வையாளரும் குற்றம் சொல்லியிருக்க முடியாது. பொறாமை தன் சொந்தப் பெயரில் என்னிடம் ஒருநாளும் வந்ததில்லை. தரக்கட்டுப்பாடு என்ற பெயரில்தான் வந்தது. உங்களிடம் வேறொரு பெயரில் வரும். கண்டிப்பு உங்களுக்கு அளவுக்கு மீறிய திருப்தியைத் தரும்போது ஒருமுறை நின்று பாருங்கள். நான் தரக்கூடிய அடையாளம் அது ஒன்றுதான்.

வியாழன் காலை, கிளினிக் நடந்துகொண்டிருக்கும்போது, சத்திரசிகிச்சை நிபுணர் அழைத்தார்.

“டொக்டர், உந்த உரும்பிராய்க்காரற்றை றிப்போட் கையிலை இருக்கு. ஆளைச் சோதிச்சால் எனக்கு அடைப்புமாதிரித்தான் கிடக்கு. நீங்கள் இல்லையெண்டு எழுதியிருக்கிறியள். மிஸ் என்ன சொல்லுறா?”

நான் தயங்கவில்லை. தயங்கியிருந்தால் உங்களுக்கு எழுதுவதற்கு இவ்வளவு இருந்திராது.

“அவவும் அதைத்தான் சொல்லுறா.”

“அப்ப சரி. அவவும் சொன்னால் சரியாத்தான் இருக்கும்.”

தொலைபேசியை வைத்தேன். என் மனைவி நாலடி தள்ளி, சுழற்சி இயந்திரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். அதை நிறுத்தினார். அது முற்றாக ஓய ஒரு நிமிடமாவது எடுக்கும். அந்த நிமிடம் முழுவதும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்ரை பெயரை நீங்கள் ஒரு இடத்திலையும் போடுறேல்லை. அதை நான் பெரிசா எடுக்கிறேல்லை. ஆனா இப்ப என்ரை வாயை எடுத்துப் போட்டிட்டியள்.”

குரலை உயர்த்தவில்லை. வேலையிடத்தில் எப்போதும் சொல்லும் ‘டொக்டர்’ அந்த வசனங்களில் இருக்கவில்லை.

நான் மேசையிலிருந்த காகிதங்களை அடுக்கினேன். அடுக்கியவற்றை மீண்டும் அடுக்கினேன். பிறகு, “மஞ்சளைச் செய்து பாரும்” என்றேன்.

மூன்று குழாய்கள். ஒன்று சுகதேகி ஒருவருடையது, மஞ்சளாக வேண்டும். ஒன்று குடும்பக் கட்டுப்பாட்டுச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஒருவருடையது. நிறமின்றி இருக்க வேண்டும். மூன்றாவது உரும்பிராய்க்காரருடையது. காத்திருந்த அந்த மணித்தியாலங்களில் நான் எதை விரும்பினேன் என்பதை எழுதாவிட்டால் இந்தக் கடிதத்துக்குப் பொருளில்லை. மூன்றாவது குழாய் மஞ்சளாக வேண்டும் என்று விரும்பினேன். அதாவது, முன்பின் அறியாத ஒரு மனிதனின் விதைகள் செத்திருக்க வேண்டும் என்று, என் மனைவி பிழையாக இருப்பதற்காக, விரும்பினேன்.

முதலாவது மஞ்சளானது. மற்ற இரண்டும் தண்ணீர்போல நின்றன.

நிபுணரை அழைத்து என் முடிவு பிழை என்று சொன்னேன். “அவவும் அதைத்தான் சொல்லுறா” என்றது பொய் என்று சொல்லவில்லை. தம்பதியர் ஏற்கெனவே போய்விட்டார்கள். அடைப்பில்லை, உற்பத்திதான் இல்லை என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டுவிட்டது. கணவரின் கைத்தொலைபேசி இயங்கவில்லை.

திருத்திய பெறுபேற்றை அன்றே எழுதினேன். படிவத்தின் அடியில் இரண்டு கட்டங்கள் இருப்பது உங்களுக்குத் தெரியும்: பரிசோதித்தவர், அத்தாட்சிப்படுத்தியவர். முதலாவதில் அவர் ஒப்பமிட்டிருக்க வேண்டும். அவர் உபகரணங்களைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் அழைக்கவில்லை. இரண்டு கட்டங்களிலும் நானே ஒப்பமிட்டேன். பிழை என்னுடையது, ஆகவே திருத்தமும் என்னுடையதாகவே இருக்கட்டும் என்று எனக்குள் ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். அது பொறுப்பேற்பதுபோல் ஒலித்தது.

அவர் வாசித்தார். கட்டங்கள் இரண்டையும் பார்த்தார். மடித்துக் கைப்பையில் வைத்தார். “தபாலிலை போனால் திங்களாகும். காலமை நான் கொண்டுபோய்க் குடுக்கிறன்” என்றார்.

மறுநாள் தம் ஸ்கூட்டியில் உரும்பிராய்க்குப் போனார். வீட்டில் தாய் மட்டும் இருந்தாராம். மகன் முதல்நாள் பின்னேரமே மனைவியைப் புத்தூரில் விட்டுவிட்டு வந்து, ஒருவருடனும் கதைக்காமல் தோட்டத்தில் நிற்கிறார் என்று சொல்லியிருக்கிறார். என் மனைவி தோட்டத்துக்குப் போகவில்லை. நேரே புத்தூருக்குப் போய் அந்தப் பெண்ணின் கையில் பெறுபேற்றைக் கொடுத்திருக்கிறார். அங்கே என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. மத்தியானம் திரும்பி வந்தவர், “இஞ்சாருங்கோ, சாப்பிட்டியளோ?” என்று மட்டும் கேட்டார்.

பிறகு நடந்தவை அவர்களுக்குரியவை. அந்தப் பெண் அன்றே தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உரும்பிராய்க்குப் போய்விட்டார். கொழும்பில் ஊசியால் விந்தணுக்களை எடுத்தார்கள். முதல் முறை பலிக்கவில்லை. இரண்டாவது முறை ஒரு பெண்பிள்ளை. செய்தி ஆய்வுகூடத்துக்கு வந்தபோது எல்லோரும் என் மனைவியின் மேசையடிக்குப் போனார்கள். அவர் அவர்களை என் அறைப்பக்கம் கைகாட்டி விட்டார். அது கேலி என்று நான் எடுத்துக்கொண்டேன்.

என் மனைவியின் முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டியன்று வீடு நிறைந்திருந்தது. வந்தவர்களில் பெரும்பாலானோரை எனக்குத் தெரியாது. அவர்களுக்கு அவரைத் தெரியும். தாதியர், விடுதி ஊழியர், முன்னாள் நோயாளர். குருநகர்க்காரரும் வந்திருந்தார். படத்துக்கு முன்னால் நின்று அவர்கள் அழுத அளவுக்கு நான் அழவில்லை. அதிலும் அவர்கள் என்னை முந்திவிட்டார்கள் என்று நினைத்தேன். இப்படி நினைக்கும் மனிதன்தான் உங்களுக்கு எழுதுகிறான் என்பதை மறைப்பதற்கில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உரும்பிராய்க் கணவனும் மனைவியும் மகளுடன் வந்தார்கள். பிள்ளை இரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். கணவர் கையில் ஒரு பிளாஸ்ரிக் கோவை வைத்திருந்தார்.

“ஐயா, இதை நாங்கள் சாமிப் படத்தடியிலைதான் வைச்சிருக்கிறனாங்கள்” என்று எடுத்துக் காட்டினார். நான் எழுதிய திருத்திய பெறுபேறு. “ரெண்டு இடத்திலையும் ஐயான்ரை கையெழுத்து.”

அவர் மனைவி தொடர்ந்தார். “அண்டைக்கு நான் புத்தூரிலை அழுதுகொண்டு கிடக்கிறன். மிஸ் வந்து கையைப் பிடிச்சவ. ‘டொக்டருக்கு மனம் ஒப்பேல்லை, பிள்ளை. திருப்பிச் செய், திருப்பிச் செய் எண்டு என்னை நிக்க விடேல்லை. அவர்தான் கண்டுபிடிச்சவர்’ எண்டு சொன்னவ. ஐயா இல்லாட்டி இவள் இல்லை.”

அவரோடு கழித்த இருபத்தெட்டு ஆண்டுகளாக நான் கேட்க விரும்பியது இந்த வசனத்தைத்தான். அது கடைசியில் வந்தது, அவருடைய படத்துக்கு முன்னால், அவருடைய வாயிலிருந்து புறப்பட்டு. அப்போது எனக்கு நன்றி முதலில் வந்ததா என்று கேட்டால், இல்லை. முதலில் வந்தது பொறாமைதான். இதைக்கூட அவர் என்னைவிட நன்றாகச் செய்திருக்கிறார் என்ற பொறாமை. என்னால் அவருக்கு ஒரு கட்டத்தைத் தர முடியவில்லை. அவர் எனக்கு ஒரு பிள்ளையையே தந்துவிட்டுப் போயிருந்தார்.

“நான் இல்லை” என்றேன். “அவதான் செய்தவ. நான் செய்ய வேண்டாம் எண்டு மறிச்சனான். எனக்குத்தான் பிழைச்சது.”

கணவர் தம் மனைவியைப் பார்த்தார். துக்கத்தில் கதைக்கிறேன் என்று எண்ணியிருப்பார்கள். “அப்பிடிச் சொல்லாதேங்கோ ஐயா. ஆர் செய்தாலும் ஒண்டுதானே” என்றார் அந்தப் பெண், மெதுவாக.

ஒன்றல்ல. இந்தத் தொழிலில் அது ஒருபோதும் ஒன்றல்ல. யார் பார்த்தார் என்று தெரியாத பெறுபேற்றை நாளை யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

கோவையை வாங்கினேன். பேனை கேட்டேன். பெறுபேற்றைப் படத்தடியிலிருந்த சிறு மேசையில் வைத்தேன். பரிசோதித்தவர் என்ற கட்டத்தில் இருந்த என் ஒப்பத்தின் மீது ஒரே ஒரு கோடு இழுத்தேன். அருகில் அவருடைய முழுப் பெயரை எழுதினேன். என் சுருக்கொப்பம். அன்றைய திகதி. பிறகு காரணம் எழுத வேண்டும். பழக்கத்தில் கை தானாகவே எழுதியது, ஆய்வுகூடங்களில் நாம் எல்லோரும் எழுதும் அந்த இரண்டு சொற்களை: “தவறுதலாக விடுபட்டது.”

எழுதியதை வாசித்தேன். அவர்கள் மூவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ‘தவறுதலாக’ என்ற சொல்லின் மீது, கீழே உள்ள எழுத்துத் தெரியும்படி, ஒரே ஒரு கோடு இழுத்தேன். அருகில் சுருக்கொப்பம் இட்டேன்.